சேத்துக்காரர் வரைந்த கை

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் ஓவியர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். பழைய ஆங்கிலப் பேய்க் காமிக்ஸ் புத்தகங்களுக்குப் படம் போட்டவர்களில் யார் பெரியவர் என்பது பேச்சு. ஒருவர் அட்டைப்படக்காரரைச் சொன்னார், இன்னொருவர் மை தீட்டியவரைச் சொன்னார். என் முறை வந்தபோது நான் "சேத்துக்காரர்" என்றேன். நாம் கூடுகிற மருந்துக்கடை மாடியே குலுங்குகிற மாதிரி சிரித்தீர்கள். அறுபதைத் தாண்டிய மீசைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரே பொம்பளை நான். உங்கள் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது. ஆனால் நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபோது டீ வந்துவிட்டது, அதோடு பேச்சும் திசை மாறிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கும் அதே புத்தகங்களை எங்கள் தெருவில் எப்படிப் பார்த்தோம் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவின் கீழ்க்கோடி. காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வரும். எங்கள் தெரு ஊருக்கு வெளியே, வடிகாலை ஒட்டி இருந்தது. தெருவில் எல்லோருக்கும் பண்ணை வயலில்தான் வேலை. அந்தத் தெருவுக்குள் சிங்கப்பூரிலிருந்து பேய்கள் வந்து இறங்கின என்றால் நம்புவீர்களா?

கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த பாயின் மச்சினர் கப்பலில் வந்து இறங்கியபோது, ட்ரங்குப் பெட்டியில் கண்ணாடி கிளாசுகள் உடையாமலிருக்க இந்தப் புத்தகங்களைத்தான் இடையிடையே திணித்துக் கொண்டுவந்திருந்தார். கிளாசுகள் அலமாரிக்குப் போயின. புத்தகங்கள் கடைக்கு வந்து பொட்டலம் மடிக்கும் தாளாயின. ஒரு நாள் வெல்லம் வாங்கி வந்த தாளைப் பிரித்தால், சவப்பெட்டியிலிருந்து ஒருவன் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்க்கிறான். அக்கா அந்தத் தாளில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கக்கூட விடவில்லை. அப்படியே கடைக்கு ஓடினாள். பாய் சிரித்துக்கொண்டே மிச்சமிருந்த கட்டு முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"எடுத்துட்டுப் போம்மா. இதெல்லாம் இருந்தா வீட்ல பரக்கத்து இருக்காதுன்னு எங்க வீட்ல சொல்றாங்க" என்றார்.

அந்தக் கட்டுக்கு ஒரு வாசனை இருந்தது. பாச்சை உருண்டையும் வெல்லமும் கடல்காற்றும் கலந்த வாசனை. இன்றைக்கும் பழைய தாளை முகர்ந்தால் அதில் நான் தேடுவது அதைத்தான்.

எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அக்கா பெரிய வகுப்பில் இருந்தாள், எழுத்துக் கூட்டுவாள், அவ்வளவுதான். அதுதான் எங்கள் அதிர்ஷ்டம் என்று நான் சொல்வேன். நீங்களெல்லாம் எழுத்தைப் படித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவியவர்கள். நாங்கள் ஒவ்வொரு கட்டத்திலும் குடியிருந்தோம். கதை தெரியாததால் நாங்களே கதை வைத்தோம். எல்லாக் கதைகளிலும் கோட்டுப் போட்டவன் பண்ணையார், செத்துப்போய்த் திரும்பி வருகிறவன் எங்கள் தெருக்காரன்.

அப்படி உட்கார்ந்து பார்த்ததில், இந்தப் படங்கள் ஒரே ஆள் போட்டவை இல்லை என்று அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். ஓவியரின் பெயர் ஏதாவது மூலையில் இருந்திருக்கலாம், எங்களுக்கு அது கிறுக்கல். நாங்கள் கையை வைத்து ஆளைப் பிரித்தோம். ஒருவர் மெல்லிய கோடுகளை நெருக்கி நெருக்கிப் போடுவார், நாற்றங்காலைக் குனிந்து பார்க்கிற மாதிரி இருக்கும். அவருக்கு நாத்தங்கால்காரர் என்று பெயர். இன்னொருவர் எல்லா முகத்துக்கும் கீழேயிருந்து வெளிச்சம் அடிப்பார், அவர் லாந்தர்காரர். புதுப் புத்தகத்தைத் திறந்ததும் ஒரு கட்டத்தைப் பார்த்து இது இன்னார் என்று யார் முதலில் சொல்வது என்று எங்களுக்குள் போட்டி. நான் ஒரு தடவைகூட அக்காவை ஜெயித்ததில்லை.

சேத்துக்காரர் அந்தக் கட்டில் ஒரே ஒரு கதைதான் போட்டிருந்தார். ஒரு சதுப்பு நிலம். அதற்குள் தள்ளிவிடப்பட்ட ஒருவன், சேற்றுக்குள்ளிருந்து மேலே வருகிறான். கடைசிக்கு முந்தின பக்கம் முழுக்க ஒரே படம். சேற்றிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்திருக்கும், விரல்கள் விரிந்து, ஒரு விரலில் மோதிரத்தோடு. அக்கா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சொன்னாள், இவர் கோடே போடவில்லை, கறுப்பை ஊற்றிவிட்டு வெள்ளையை மட்டும் விட்டு வைத்திருக்கிறார் என்று. அன்றிலிருந்து அவளும் கோடு போடுவதை விட்டுவிட்டாள். அடுப்படிச் சுவரில் கரியை அப்பி, அப்பாத இடத்தில் உருவம் வரவைப்பாள். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் அடிக்க ஓங்கியவள், சுவரில் இருந்த கெளுத்தி மீனைப் பார்த்துவிட்டு, மீசை நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு தடவை அந்தக் கட்டில் ஒன்றை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனேன். பண்ணை வீட்டுப் பேத்தி என் வகுப்புதான். அவள் ஒரு பக்கம் பார்த்தாள், வீல் என்று கத்தினாள், அன்று சாயந்தரமே காய்ச்சல். மறுநாள் வாத்தியார் என் பையைச் சோதித்தார். அவளுக்கு ஏன் காய்ச்சல் வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. அதே பக்கத்தைப் பார்த்து நாங்கள் கைதட்டியிருக்கிறோம். அவள் கோட்டுக்காரன் பக்கம் நின்று பார்த்திருக்கிறாள். நாங்கள் பிணத்தின் கட்சி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வயதாக வேண்டியிருந்தது, ஆனால் எந்தக் கட்சி என்பதில் அன்றைக்கே எங்களுக்குக் குழப்பம் இல்லை.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. ரேடியோவைத் திறந்தால் ஏழைகளைப் பற்றித்தான் பேச்சு. வயல் வேலைக்குக் கூலி இவ்வளவு என்று சட்டமே வந்துவிட்டதாம். சட்டம் தஞ்சாவூர் வரைக்கும் வந்ததை எங்கள் ஆட்கள் ஊர்வலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அங்கிருந்து எங்கள் பண்ணைக்கு வர அதற்கு பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. முந்தின வருஷத்து சம்பா அறுப்பில், சட்டக்கூலியைக் களத்தில் நின்று வாய் திறந்து கேட்டவர் எங்கள் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். கேட்ட சில நாளில் வடிகாலில் பிணமாகக் கிடந்தார். தண்ணீர் முழங்காலைத் தாண்டாத வடிகால் அது. குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். பெரியப்பா குடிக்கமாட்டார் என்று நான் சொல்லமாட்டேன். குடிப்பார். குடித்தால் பாடுவார், விழமாட்டார்.

அவரை முதலில் பார்த்தது அம்மா. சேற்றுக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்ததாம். மணிக்கட்டில் போட்டிருந்த செப்புக் காப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டாளாம். இதெல்லாம் தெருவில் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அம்மா எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தை பிறந்து, வயல் அடுத்த சம்பா அறுப்புக்கு நிற்கிறது. பரணைச் சுத்தம் செய்த அம்மாவின் காலடியில் எங்கள் கட்டு விழுந்து பிரிந்தது. திறந்துகொண்டது சேத்துக்காரரின் அந்தப் பக்கம். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் அடி விழும் என்று நினைத்துக்கொண்டு நின்றோம். அவள் படத்தைத் தொடவில்லை, பக்கத்தில் விரலைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மூத்தார் கதைய யாரு போயி சொன்னா? வெளிநாடு வரைக்கும் போயிருக்கே" என்றாள். பெரியப்பா அவளுக்கு மூத்தார்.

நான், இது வெறும் கதையம்மா, பேய்க்கதை என்று சொல்ல ஆரம்பித்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். பார்த்தவர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று மட்டும் சொன்னாள்.

"பார்த்தவந்தான் எழுதியிருக்கான். பார்க்காதவனுக்கு வெரல் இடுக்குல சேறு நிக்கிறது தெரியாது" என்றாள் அம்மா.

நீங்கள் கூட்டத்தில் படித்துக்காட்டும் விமர்சனங்களையெல்லாம் நானும் கேட்கிறேன். இதற்கு மேல் ஒரு விமர்சனத்தை எந்த ஓவியருக்கும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் பெரியப்பாவுக்கு வருஷப் படையல். அவருக்கு போட்டோ கிடையாது. எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. அம்மா நடுவீட்டை மெழுகி, மரக்காலைக் கவிழ்த்து, அதில் புத்தகத்தைச் சாய்த்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். மணிக்கட்டு இருக்கும் இடத்தில் சந்தனம், குங்குமம். எதிர்ப்பக்கத்தில் மெல்லிய கவுனோடு ஒரு வெள்ளைக்காரி வீறிட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வெற்றிலையால் மூடினாள். இலையில் கெளுத்தி மீன் குழம்பு, நத்தைக்கறி, ஒரு கட்டு பீடி. அப்பா வந்து பார்த்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தெருவே வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒருவர்கூட, இது வெள்ளைக்காரன் கை அல்லவா என்று கேட்கவில்லை.

சிரிக்கலாம். நானும் காலேஜில் படித்த காலத்தில் இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. கடல் தாண்டி எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து, வாரச் சம்பளத்துக்கு அவசர அவசரமாக ஒருவர் போட்ட படம், எங்கள் வீட்டில் ஒரு மனிதனுக்கு முகமாக நின்றது. எந்தக் கண்காட்சியில் எந்த ஓவியத்துக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது?

சங்கத்து மாமாவும் படையலுக்கு வந்திருந்தார். விவசாயச் சங்கத்துக்கு எங்கள் ஊரில் பொறுப்பு அவர். நல்ல மனிதர், ஜெயிலுக்குப் போனவர், பெரியப்பாவுக்கு உயிர்த்தோழன். ஆனால் அவருக்குப் பேய், சாமி, படையல் எதைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வரும்.

"பேயி, பூதம், படையலு எல்லாம் ஒரே எலையிலயா? நாம எங்க போறோம், நீங்க எங்க போறீங்க" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளைக் கெடுக்கிற இந்தக் குப்பையை அடுப்பில் போடச் சொன்னார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே போனார். படத்தைப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்கமாட்டார் என்று அக்கா சொன்னாள்.

அறுப்புக்கு நாள் நெருங்கியது. சட்டக்கூலி தராமல் அரிவாள் எடுப்பதில்லை என்று எங்கள் தெரு முடிவு செய்திருந்தது. பண்ணை அதற்கு மசியவில்லை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் வருகிறது என்று சேதி வந்தது. வெளியாள் அறுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. எங்களுக்கு அந்த வருஷத்து நெல் இல்லை, அடுத்த வருஷம் கேட்கிற வாயும் இல்லை. வந்தவர்களோடு மல்லுக்கு நிற்பதா, கைகூப்பிக் கேட்பதா என்று பெரியவர்கள் வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சுக்கு நடுவில் பெண்கள் சிலர் வீட்டுக்குள் போய் அழுதுவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

லாரி வயல் வரைக்கும் போகாது. மதகோடு தார் ரோடு முடிந்துவிடும். இறங்கி, மதகுச் சுவரைத் தாண்டித்தான் வரப்புக்குப் போகவேண்டும். அந்தச் சுவரில் கோஷம் எழுதுவதற்காக சங்கத்து மாமா சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். பெரிய பெரிய எழுத்தில் என்ன எழுதுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா போய் அவர் முன்னால் நின்றாள். பாவாடையில் புத்தகத்தைச் செருகியிருந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

"வர்றவங்களுக்குப் படிக்கத் தெரியுமா மாமா?" என்றாள்.

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். நான் படம் போடுகிறேன் என்றாள். அவள் என்ன படம் போடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

"பேய்ப்படம் போட்டா சனம் சிரிக்கும், பாப்பா."

"பேயி இல்ல மாமா. பெரியப்பா."

அவர் கையை நீட்டினார். அக்கா புத்தகத்தைத் திறந்து கொடுத்தாள். சந்தனக் கறையோடு இருந்த அந்தப் பக்கத்தை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். பிறகு சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, கரி எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

எங்கள் தெருவின் எல்லாச் சட்டிப் பானைகளின் அடிக்கரியும் அன்று சுரண்டப்பட்டது. கஞ்சித் தண்ணீரில் குழைத்துக் கொடுத்தோம். அக்கா தேங்காய் மட்டையையும் பழந்துணியையும் வைத்துக்கொண்டு மதியம் தொடங்கினாள். அவள் கையை வரையவே இல்லை. கையைச் சுற்றியிருந்த இருட்டைத்தான் வரைந்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை, சுவர் முழுக்க அழுக்காகிக்கொண்டே வந்தது. சங்கத்து மாமா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். வெயில் சாயும்போது, யாரோ தள்ளி நின்று பார்த்தவர் ஐயோ என்றார். ஒரு ஆள் உயரத்துக்கு அந்தக் கை சுவரிலிருந்து வெளியே வந்திருந்தது. விரல் இடுக்கில் சேறு நின்றது. மோதிரம் இருந்த விரலை வெறுமையாக்கி, மணிக்கட்டில் காப்பு போட்டிருந்தாள். என் அக்காவுக்கு அப்போது தாவணி போடுகிற வயதுகூட இல்லை. அவளை நினைத்து அன்றைக்கு என் நெஞ்சு விம்மியது, இதை எழுதும்போதும் விம்முகிறது.

மறுநாள் விடிந்ததும் பண்ணை ஏஜெண்ட் வந்து பார்த்தார். படத்தை மறைக்கச் சுண்ணாம்பு வேண்டுமென்றால் கடைத்தெருவுக்குப் போகவேண்டும், லாரியோ வந்துகொண்டிருக்கிறது. வடிகால் சேற்றை அள்ளி அப்பச் சொன்னார். அவருடைய ஆள் நாலு கூடை அள்ளி வீசினான். சேறு கரியின் மேல் பிடித்தது, வெள்ளையின் மேல் வழிந்து இறங்கிவிட்டது. நிஜச் சேற்றுக்குள்ளிருந்து கை மேலே வருகிற மாதிரி ஆகிவிட்டது. சேத்துக்காரருக்குக்கூட இந்த வசதி கிடைத்திருக்காது. ஏஜெண்ட் அதைப் பார்த்துவிட்டு, அள்ளியவனைத் திட்டினார்.

முன்னால் போலீஸ் வேன், பின்னால் லாரி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு நின்றது, நடுவில் போலீஸ். எங்களில் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சங்கத்து மாமா சொல்லிவைத்திருந்தார். லாரியிலிருந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் பெண்கள், எங்கள் அம்மாக்கள் மாதிரியே இருந்தார்கள். தலைச்சும்மாடும் அரிவாளும் தூக்குச்சட்டியுமாக மதகை நோக்கி நடந்தவர்கள் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்ற ஒரு பெண், கூட்டத்துக்கு மூத்தவள் போலிருந்தாள், எங்கள் பக்கம் திரும்பினாள்.

"இது யாரு?" என்றாள்.

அம்மாதான் போலீஸ்காரரின் தோளுக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

"எங்க மூத்தாருங்க. போன அறுப்புல, கூலி கேட்டதுக்கு. இதே வடிகால்லதான்."

அவன் குடித்துவிட்டு விழுந்தவன், நேரமாகிறது, வயலில் இறங்குங்கள் என்று ஏஜெண்ட் சத்தம் போட்டார். அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிச்சு விழுந்தவன் கை இப்புடி மேல வருமா?"

அவள் யாரையும் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுவரில் காப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக ஏறினார்கள். பயந்துபோய் ஏறவில்லை, அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். பேய்க்குப் பயந்து ஓடினார்கள் என்று பண்ணையில் பின்னால் கதை கட்டினார்கள். பாவம், அவர்களுக்கு அவ்வளவுதான் படம் பார்க்கத் தெரியும். அந்த வாரமே பண்ணை பேச்சுக்கு இறங்கி வந்தது. வயலை நாங்களே அறுத்தோம், சட்டக்கூலிக்கு.

அக்கா அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தலுக்கு எல்லாக் கட்சிக்கும் சின்னம் வரைந்தாள். உங்களுக்கும் அவளைத் தெரிந்திருக்கும், தஞ்சாவூர் பக்கம் பழைய சுவர்களில் அவள் கை இல்லாத ஊர் கிடையாது. ஆனால் எனக்கு அவள் மதகடியில் நின்ற அந்தக் காலைப்பொழுதுதான் நினைவு.

லாரி கிளம்பும்போது அந்தப் பெண் அக்காவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். கரி படிந்த கையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். போலீஸ்காரர் தடுக்கவில்லை. நானும் கூடவே ஓடினேன். எதைப் பார்த்து இதை எழுதினாய் என்று கேட்டாள். அக்கா இடுப்பிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். அவள் வாங்கிப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவர்களும் குனிந்து பார்த்தார்கள்.

"எங்க ஊர்லயும் இப்புடி ஒருத்தரு இருக்காரு, பாப்பா" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். புத்தகம் எங்கள் இருவருக்கும் சொந்தம். படையலுக்குப் பிறகு நான் தலைக்கு வைத்துப் படுக்கிற புத்தகம் அது. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். உங்களில் பாதிப் பேர் இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள், பிடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் அதைச் சந்தனக் கறை உள்ளே போகும்படி மடித்து, சுருக்குப்பையில் வைத்து இழுத்துக் கட்டினாள். லாரி கொள்ளிடத்துப் பக்கம் போனது. அது எந்த ஊர்ச் சுவரில் ஏறியது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஏறியது என்பது மட்டும் தெரியும்.